மடிக்கக் கூடாத இரண்டு பக்கங்கள்

நானும் அத்தாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பிரிண்டரில் சிக்கிய தாளை எடுத்தது. 2008 பிப்ரவரி, கலிஃபோர்னியாவில் எங்கள் குபெர்டினோ வீடு. நான் நியூ ஜெர்சியிலிருந்து நீண்ட வார இறுதிக்கு வந்திருந்தேன். அச்சடிக்க வேண்டியது இரண்டே பக்கம். முதல் பக்கம் பாதியில் நின்றுவிட்டது. மேல்மூடியைத் திறந்து தாளின் நுனியைப் பிடித்தேன்.

"இழுக்காதம்மா. அது எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே எடு."

பின்மூடி வழியாக எடுத்தோம். தாள் சூடாக இருந்தது. அத்தா அதை உள்ளங்கையில் கிடத்திப் பார்த்தார். இரண்டு ஓரங்களும் மெல்ல மேலே எழுந்தன.

"உள்ள இருக்கிற பேப்பரத் திருப்பிப் போடு. சூடு பட்டாச் சுருளும். இன்ஜினியருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கு."

"நான் மருந்துக் கம்பெனி மெஷினுக்கு இன்ஜினியர் அத்தா. பிரிண்டருக்கு இல்ல."

"கடைசில எல்லா மெஷினும் பேப்பரத்தான் துப்புது."

திருப்பிப் போட்டேன். இரண்டு பக்கங்களும் வந்தன. அவர் அவற்றைத் தமது தடித்த ஆங்கில அகராதிக்கு அடியில் வைத்தார். "சுருள் போகட்டும். மடிக்கக் கூடாது" என்றார். பதினெட்டு நாள் கழித்து இறந்துபோனார்.

அந்த இரண்டு பக்கங்களையும் எழுதியவர் அவர்தான். எழுதி இருபது வருடம் ஆகப்போகிறது. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க மட்டும் அவருக்கு நான்கு வருடம் ஆயிற்று.

என் அத்தா அன்வர் பாட்சா, உத்தமபாளையத்துக்காரர். புள்ளியியல் படிக்க 1972இல் கலிஃபோர்னியா வந்தவர்; இடையில் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துத் திரும்பினார். 1981இல், என் ஏழாவது வயதில், நானும் அம்மாவும் வந்து சேர்ந்தோம். அத்தா சமுதாயக் கல்லூரி ஒன்றில் பகுதிநேரமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1986இல் அருகிலிருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. மனிதப் புலனறிவைப் பற்றிய ஆராய்ச்சி என்று சொன்னார்கள். இரண்டு வருடத்தில் வேலை நிரந்தரமாகும் என்றும் சொன்னார்கள்.

வேலை இதுதான். எங்கோ ஓர் அறையில் ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தொலைவில் இருக்கும் ஓர் இடத்தை மனதால் பார்த்து வரைய வேண்டும். ரிமோட் வியூயிங் என்று பெயர். வரைந்த தாள் அத்தாவிடம் வரும். கூடவே ஐந்து இடங்களின் புகைப்பட நகல்கள் வரும். ஒன்று உண்மையான இலக்கு. மற்ற நான்கும் சும்மா. எது எதுவென்று அவருக்குத் தெரியாது. வரைந்தவரையும் தெரியாது. தாளின் மூலையில் 31 என்ற எண் மட்டும் இருக்கும். ஐந்து படங்களையும் ஓவியத்தோடு ஒப்பிட்டு, ஒன்று முதல் ஐந்து வரை வரிசைப்படுத்தித் தர வேண்டும். இலக்கு முதலிடத்தில் வந்தால் வெற்றி.

இருபத்தாறு மாதத்தில் தொண்ணூறு ஓவியங்களை மதிப்பிட்டார். குருட்டுப்போக்கில் எடுத்தால் பதினெட்டு முறை சரியாக வரும். அத்தாவின் வரிசையில் முப்பத்தேழு முறை வந்திருந்தது. ஆய்வுக்கூடமே அவரைக் கைகுலுக்கிப் பாராட்டியது. அத்தாவுக்கும் பெருமைதான். அம்மா பத்ருன்னிசாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"மறைவானது அல்லாவுக்கு மட்டுந்தான் தெரியும். நீங்க என்னங்க அதுக்கு மார்க் போட்டுட்டு இருக்கீங்க?"

"நான் அல்லாவுக்கு மார்க் போடல பத்ரு. ஒரு வெள்ளக்காரன் வரைஞ்ச படத்துக்குப் போடுறேன்."

1988 செப்டம்பரில் சன்னிவேலில் பத்மநாபன் அங்கிள் வீட்டில் விருந்து. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுபோயிருந்தோம். அங்கிள் அத்தாவோடு கல்லூரியில் வேலை பார்த்தவர். வாய் ஓயாது. அத்தா தன் ஆய்வுக்கூட வேலையை விவரித்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. இது நம்ம கிளி ஜோசியம்யா! பரப்பி வச்ச சீட்டுல ஒண்ண எடுக்கிறது. கிளி வேலைய நீங்க பண்றீங்க, அவ்ளோதான்."

"கிளிக்கு பி.எச்.டி. கிடையாது" என்றார் அத்தா.

"அதுக்கு எதுக்கு பி.எச்.டி.? மாம்பலத்துல எங்க தெரு முனைல ஒருத்தன் உக்காந்திருப்பான். அவனுக்கு வேணுங்கிற சீட்ட மட்டும் லேசா வளச்சு வச்சிடுவான். கிளி அலகால தள்ளிட்டே வரும். எது தூக்கிட்டு இருக்கோ, அலகுல அதான் மாட்டும். பார்க்கிறவன் வாயப் பொளந்துடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்தார். பிறகு சாப்பிடவில்லை. வீடு திரும்பும் வழியில் ஃப்ரீவேயில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு மைல் தள்ளிப் போனார்.

திங்கட்கிழமை வந்த தாள்கட்டில் அவர் எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. ஐந்து தாள்களையும் கவிழ்த்துப் பரப்பி, மேலே உள்ளங்கையால் தடவினார். ஒன்று மட்டும் லேசாக எழுந்து நின்றது. கட்டுகளைத் தயாரிக்கும் செயலாளர் பெண்மணியிடம் போய், எப்படித் தயாரிக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் ஒளிக்காமல் சொன்னார். எல்லா இடங்களுக்கும் நகல்கள் அலமாரியில் மாதக்கணக்காக இருக்கின்றன. ஆனால் இலக்கின் நகலைக் கோப்போடு சேர்த்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் அந்த ஒன்றுக்கு மட்டும் அன்று காலையில் புதிதாக நகல் எடுப்பார். நான்கு தாள்கள் அலமாரியில் அழுந்தித் தட்டையாகிப் போனவை. ஐந்தாவது, இயந்திரத்தின் சூட்டோடு வந்தது.

அது மட்டும் போதாது அத்தாவுக்கு. அந்தச் சனிக்கிழமை என்னை நூலகத்துக்கு அனுப்பினார். எனக்குப் பதினாலு வயது. வெற்றுத் தாள்களை நகல் இயந்திரத்தில் ஓட்டி எடுத்து வந்தேன். எழுத்து இல்லை, படம் இல்லை. அப்படி ஓட்டிய ஒரு புதுத் தாள், வீட்டில் அழுந்திக் கிடந்த நான்கு பழைய தாள். நான் கலைத்து வைக்க, அவர் கூரையைப் பார்த்தபடி தாள்களைப் புரட்டி ஒன்றை எடுப்பார். எதையும் தேடக் கூடாது, மனதுக்குத் தோன்றியதை எடுக்க வேண்டும் என்பது அவரே போட்ட விதி. இருபது முறை செய்தோம். நான்கு முறை சரியாக வந்திருந்தால் போதும். பதின்மூன்று முறை வந்தது. தற்செயலாக அப்படி வர லட்சத்தில் இரண்டு வாய்ப்புக்கூடக் கிடையாது.

நான் கை தட்டினேன். ஏதோ வித்தை என்று நினைத்துக்கொண்டேன்.

"தட்டாதம்மா," என்றார். "என் கைக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."

அன்றிரவே அந்த இரண்டு பக்கங்களை எழுதினார். திங்கட்கிழமை கொடுத்தார்; தேதி 1988 அக்டோபர் 3. "கடந்த இருபத்தாறு மாதமாக நான் தந்த வரிசை எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். தவறு, மனதால் பார்த்து வரைபவருடையது அல்ல. நகல்களிலும் என் கையிலும் இருக்கிறது. எல்லாத் தாள்களையும் ஒரே நாளில் நகலெடுத்து, வேறொருவரிடம் கொடுத்து மறுபடி மதிப்பிடச் செய்யுங்கள்." இவ்வளவுதான் சாரம்.

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. எந்தத் தாளின் பிரதியையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவர் கொண்டுவரவில்லை, தான் எழுதியதைக்கூட. திரும்பவும் கல்லூரிக்குப் போனார். பதினெட்டு வருடம் முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்தினார். விரும்பிய விடை வந்தால் இன்னொரு முறை கணக்குப் போடு என்பது அவர் வகுப்பின் ஒரே சட்டம்.

1995இன் கடைசியில் தொலைக்காட்சிச் செய்தியில் சொன்னார்கள். மனதால் தூரத்தைப் பார்ப்பவர்களை ராணுவமும் உளவுத் துறையும் பல வருடமாக வேலைக்கு வைத்திருந்தன. இப்போது நிறுத்திவிட்டார்கள். அத்தா நின்றபடியே கேட்டார். செய்தி முடிந்து விளம்பரம் வந்த பிறகும் உட்காரவில்லை.

"வாடிக்கையாளர்னு அந்தம்மா சொன்னது இவங்கதானா?" என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கேள்வி. என் முப்பத்தேழை வைத்து என்ன செய்தார்கள்?

2004இல் அந்தத் திட்டத்தின் பழைய காகிதங்களை அரசாங்கம் குறுந்தகடுகளில் வெளியிட்டது. அத்தா ஒரு தொகுப்பை வாங்கினார். பல்லாயிரம் பக்கங்கள். எல்லாம் காகிதத்தைப் படம் பிடித்தவை. சொல்லைக் கொடுத்துத் தேட முடியாது. பெயர்கள் மேல் கறுப்புப் பட்டை அடித்திருந்தார்கள். தினமும் மாலையில் அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பார்த்த பக்கத்தின் எண்ணைக் கட்டம் போட்ட நோட்டில் குறித்தார். எழுத்தை அடையாளம் காணும் நிரல் ஒன்றை எழுதித் தருகிறேன் என்றேன்.

"அது எத்தன பக்கத்தத் தவற விடும்?"

"நூறுக்கு ஏழு, எட்டு விடலாம்."

"அந்த எட்டுல அது இருந்தா?"

2005 கோடையில் ஓர் அட்டவணை கிடைத்தது. அவருடைய எண்கள்தான். தொண்ணூறுக்கு முப்பத்தேழு. கீழே ஒரு வரி: இதன் அடிப்படையில் 31ஐ நேரடிப் பணிக்கு அனுமதிக்கலாம். தேதி 1988 நவம்பர். கணக்கில் எடுக்காதீர்கள் என்று அத்தா எழுதிக் கொடுத்து ஒரு மாதம் கழித்து.

அடுத்த சில பக்கங்களில் அந்தப் பணி இருந்தது. வெளிநாட்டில் ஓர் அமெரிக்கரைக் கடத்தியிருந்தார்கள். அவர் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். 31 ஒரு வீட்டை வரைந்திருந்தார். நீர்த்தொட்டி, பக்கவாட்டில் படிக்கட்டு. பிறகு ஒரு பக்கத்தில் ஒரே வரி: 1989 மார்ச் 20, உடல் கிடைத்தது. எங்கே என்று இல்லை.

31 யார் என்று கண்டுபிடித்தது நான். அடுத்த வருடம், முன்னாள் ராணுவத்தினர் எழுதும் ஓர் இணைய அரங்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். "நான்தான் 31. அந்த வீட்டை நான் பார்த்தேன். யாரும் போகவில்லை. இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய மனைவிக்கு ஒவ்வொரு மார்ச் இருபதிலும் மன்னிப்புக் கடிதம் எழுதுகிறேன். பதில் வந்ததில்லை." பெயர் வெர்னன் ஹேல்ஸ்டெட். ஓய்வுபெற்ற சார்ஜன்ட். டெக்சாஸில் கில்லீன் என்ற ஊர்.

அத்தாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டாவது முறை படிக்கச் சொன்னார்.

அவருக்கு போன் செய்தார் அத்தா. உங்கள் ஓவியங்களை மதிப்பிட்டவன் நான் என்று மட்டும் சொன்னார். வெர்னன் அழுதுவிட்டார். என்னை நம்பிய ஒரே ஆள் நீங்கள் என்றார். அன்று அத்தா வேறெதுவும் சொல்லவில்லை. அவருடைய நாய்களைப் பற்றிக் கேட்டார். பிறகு மாதம் ஒரு முறை பேசிக்கொண்டார்கள். நாய்கள், முழங்கால் வலி, டெக்சாஸ் வெயில். மார்ச் வந்தால் வெர்னன் எடுக்க மாட்டார்.

வெர்னனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அத்தா முடிவு செய்தார். வீட்டில் இதைப் பற்றி நடந்த ஒரே சண்டை, போன வருட ரமலானில். நான் அங்கிருந்தேன்.

"அந்த மனுசன்ட்ட இருக்கிறதே அது ஒண்ணுதாங்க," என்றார் அம்மா. "தொண்ணூறுல முப்பத்தேழு பார்த்தேன்னு நெனச்சிட்டு இருக்கார். அதையும் போய் புடுங்கிட்டு வரப் போறீங்களா?"

"புடுங்கல பத்ரு. கடத்தப்பட்டவர் சாவுக்குத் தான்தான் காரணம்னு இருவது வருசமா தூக்கிட்டுத் திரியிறார். அது அவர் மூட்டை இல்ல. என் கை கட்டின மூட்டை."

"அப்ப, அவர் பார்க்கலன்னு சொல்லுவீங்களா?"

"அது எப்படிச் சொல்லுவேன்? அது எனக்குத் தெரியாதே. பார்த்தார்ங்கிறதுக்கு என் கணக்கு சாட்சி இல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"இந்த அரைச் சொல்லச் சொல்லவா டெக்சாஸ் வரைக்கும் போகணும்?"

"முழுச் சொல் எங்கிட்ட இல்லியே பத்ரு."

அம்மா நோன்புக் கஞ்சியை அவர் பக்கம் தள்ளினார்.

வாயால் சொன்னால் வெர்னன் நம்ப மாட்டார் என்று அத்தா நினைத்தார். ஆறுதலுக்காகச் சொல்வதாக எடுத்துக்கொள்வார். அந்தத் தேதி போட்ட தாள் வேண்டும். அதனால் தேடல் நிற்கவில்லை. மூன்றாவது நோட்டு தொடங்கியது. கண்ணில் புரை வந்தது. அறுவை செய்து, ஒரு கண்ணில் மூடியோடு மறு கண்ணால் பார்த்தார்.

2008 ஜனவரியில் அது கிடைத்தது. எரிபொருள் செலவுப் பட்டியல்களுக்கு நடுவில், யாரோ மாற்றிச் செருகியதுபோல, இரண்டு பக்கங்கள். 1988 அக்டோபர் 3. ஓரத்தில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: பகிரத் தேவையில்லை. கீழே கையெழுத்து இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை. அத்தாவின் பெயர் அதற்குள் இருந்தது.

போனில் எனக்கு அதைச் சொன்னபோது சிரித்தார். "நாலு வருசம் தேடினேன். பேப்பர் இருக்கு. நான் இல்ல."

"அப்ப என்ன அத்தா பிரயோஜனம்?"

"தபால்ல அனுப்பினா பிரயோஜனம் இல்ல. எழுதினது யாருன்னு பேப்பர் சொல்லாது. நான்தான்னு நான் போய்ச் சொல்லணும். முகத்தப் பார்த்துட்டு அவர் முடிவு பண்ணட்டும்."

பிப்ரவரி வார இறுதியில் நான் போனது அதற்குத்தான். இரண்டு பக்கங்களை அச்சடித்தோம். மார்ச் 14க்கு சான் ஹோசேயிலிருந்து ஆஸ்டினுக்கு டிக்கெட் போட்டேன். வெர்னன் அந்த வருடக் கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன் போய்விட வேண்டும் என்பது அத்தாவின் கணக்கு. போனில் அவரிடம், உங்களுக்கு ஒன்று கொண்டுவருகிறேன், இந்த மார்ச்சில் மட்டும் கதவைத் திறங்கள் என்றார். வெர்னன் சம்மதித்தார். பழுப்பு நிற டிரக்கில் விமான நிலையத்துக்கு வருவதாகச் சொன்னார்.

அம்மா எட்டிப் பார்த்தார்.

"வெறுங்கையோட போவாதீங்க. பேரீச்சம்பழம் வாங்கி வைக்கிறேன். அவருக்கு சுகர் இருக்கான்னு கேட்டீங்களா?"

"ரெண்டு வருசமா பேசுறேன். அதக் கேக்கலயே."

"என்ன பேசினீங்களோ. நாய்க்கு என்ன வயசுன்னு மட்டும் தெரியும்."

மார்ச் 6, வியாழக்கிழமை காலை. மருந்துக் கடையில் வரிசையில் நின்றிருந்தவர் அங்கேயே சரிந்தார். மாரடைப்பு. மறுநாள் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு லிவர்மோர் பக்கம் அடக்கம் செய்தோம். பழைய மாணவர்கள் இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பத்மநாபன் அங்கிள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கிளின்னு கிண்டல் பண்ணேம்மா, அந்தாளு சிரிச்சிட்டே வேலைய விட்டுட்டு வந்தாரு" என்றார்.

மூன்றாம் நாள் நான் வெர்னனைக் கூப்பிட்டேன். விமான நிலையத்தில் அவர் காத்துக்கொண்டு நிற்கக் கூடாது. அத்தா இறந்ததைச் சொன்னேன். பிறகு கேட்டார், "ஏதோ கொண்டுவருவதாகச் சொன்னாரே. என்ன அது?"

"இரண்டு பக்கம்."

"கெட்ட செய்தியா?"

"அவர் அப்படி நினைக்கவில்லை."

"தபாலில் அனுப்புகிறாயா?"

"இல்லை. நேரில்தான் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்."

"கதவு திறந்தே இருக்கும்" என்றார் வெர்னன். மார்ச் இருபதுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

அகராதியைத் தூக்கிப் பார்த்தேன். தாள்கள் நன்றாகத் தட்டையாகியிருந்தன. உள்ளங்கையில் வைத்தேன். ஓரம் எழவில்லை.

குளிர்பெட்டிக் கதவில் அத்தாவின் பயணப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. கட்டம் போட்ட நோட்டில் கிழித்த தாள். முதல் வரி, கண் சொட்டு மருந்து. அதற்கு டிக் அடித்திருக்கிறார். இரண்டாவது, பேரீச்சம்பழம்; பக்கத்தில் சின்னதாக, சுகர் இல்லை, கேட்டாச்சு. அதற்கும் டிக். மூன்றாவது, இரண்டு பக்கம், மடிக்காமல். நான்காவது, முதலில் அவர் பேசி முடிக்கட்டும், பிறகு சொல்.

கடைசி இரண்டு வரிகளில் டிக் இல்லை.